உட்கார்ந்தால் மட்டும் போதாது: சாக்கெட் சந்தேகங்கள்

போன இதழில் ஒருவர் பழைய கம்ப்யூட்டருக்கு வேகமான ப்ராசசர் போடலாமா என்று கேட்டிருந்தார். "சாக்கெட் பொருந்தினால் போடலாம்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது தப்பாகிவிட்டது. அதற்கப்புறம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி சாக்கெட்டைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் சாக்கெட்.

ஒரு சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் 'சிபியு' என்றால் மேசைக்கு அடியில் இருக்கும் டப்பா மொத்தமும். "சிபியு சூடாகுதுங்க" என்று போன் வந்தால், எது சூடாகிறது என்று தெரிந்துகொள்ளவே நான் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இங்கே ப்ராசசர் என்று எழுதுவது உள்ளங்கைக்குள் அடங்கும் சில்லை மட்டும். சாக்கெட் என்பது மதர்போர்டில் அது உட்காரும் இடம்.

கேள்வி: என்னிடம் எச்61 போர்டும் இரண்டாம் தலைமுறை ஐ3 ப்ராசசரும் இருக்கின்றன. நண்பர் ஒருவர் நான்காம் தலைமுறை ஐ5 4570ஐக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன. மாட்டலாமா? (திருப்பூர் வாசகர்)

வாங்காதீர்கள். உங்கள் போர்டில் இருப்பது எல்ஜிஏ 1155 என்ற சாக்கெட். நண்பர் தருவது 1150இல் உட்காரும் ப்ராசசர். அந்த எண் ஏதோ மாடல் நம்பர் என்று பலர் நினைக்கிறார்கள். சாக்கெட்டில் எத்தனை தொடுமுனைகள் என்ற கணக்குதான் அது. 2009இல் 1156, 2011இல் 1155, 2013இல் 1150, 2015இல் 1151 என்று இன்டெல் வரிசையாக விட்டது. நாலுக்கும் ப்ராசசர் ஒரே அளவுச் சதுரம், பக்கத்துக்கு 37.5 மில்லிமீட்டர். ஐந்து முனைதானே குறைகிறது, அது தொடாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். குறைந்தது ஐந்துதான், ஆனால் எந்த முனையில் என்ன ஓடுகிறது என்ற வரைபடமே மாறிவிட்டது. ஒன்றில் மெமரிக்குப் போகும் முனை இருக்கும் இடத்தில் இன்னொன்றில் கரண்ட் வரலாம். அப்படி யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்றுதான் ப்ராசசரின் ஓரத்தில் இரண்டு அரைவட்ட வெட்டுகள் வைத்திருக்கிறார்கள். சாக்கெட் மாறினால் வெட்டின் இடமும் நகரும்.

இதையும் மீறி ஒருவர் என் கடைக்கு வந்தார். சாக்கெட்டில் அந்த வெட்டுக்குள் நுழையும் பிளாஸ்டிக் மூக்கை நகவெட்டியில் இருக்கும் அரத்தால் பொறுமையாக ராவி எடுத்திருந்தார். "அழகா உக்காந்துச்சுங்க, டிஸ்ப்ளேதான் வரலை" என்றார். உட்கார்ந்துவிட்டால் வேலை செய்யும் என்பதுதான் அவர் கணக்கு.

உங்களுக்கு வழி இருக்கிறது. அதே 1155இல் உட்காரும் ஐ5 2400 கிடைத்தால் பெரும்பாலும் அப்படியே மாட்டலாம். மூன்றாம் தலைமுறை ஐ5 3470 கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் எச்61 வந்த காலத்தில் மூன்றாம் தலைமுறை பிறக்கவே இல்லை. அதனால் பழைய ஐ3 மாட்டியிருக்கும்போதே பயாஸை, அதாவது போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளை, அப்டேட் செய்துவிட்டு, அப்புறம் ப்ராசசரை மாற்றுங்கள். மிச்சப் பணத்தில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். உண்மையில் வித்தியாசம் தெரியப்போவது அதில்தான்.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு மாணவன். பென் டிரைவில் நான்கே தொடுமுனைகள் இருக்கின்றன, வேலை நடக்கிறது. ப்ராசசருக்கு மட்டும் எதற்கு 1,700? (தென்காசி)

தம்பி, உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். கடை ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். 230 வோல்ட்டில் 75 வாட் என்றால் அதன் வயரில் ஓடும் கரண்ட் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர். மெல்லிசான வயரே போதும். அதே 75 வாட்டை ஒரு ப்ராசசர் எடுக்கிறது என்று வைத்துக்கொள். அதற்கு 230 வோல்ட்டைக் கொடுக்க முடியாது. அது கேட்பது சுமார் 1.2 வோல்ட். 75ஐ 1.2ஆல் வகுத்துப் பார். 62 ஆம்பியருக்கு மேல் வரும். பல வீடுகளில் மெயினில் இருக்கும் எம்சிபியே 32 ஆம்பியர்தான். வீடு மொத்தத்துக்கும் போவதைப்போல இரண்டு மடங்கு கரண்ட், கட்டைவிரல் நகம் அளவு சிலிக்கானுக்குள் போகிறது.

ஒவ்வொரு முனையும் மெல்லிய ஸ்பிரிங். ஒன்றிரண்டின் வழியாக அவ்வளவையும் அனுப்பினால் அவை கருகிவிடும். தேர் இழுக்க வடத்தை நூறு பேர் பிடிப்பதுபோல, கரண்ட் உள்ளே போக சில நூறு முனைகள், திரும்பி வர கிரவுண்டுக்கு இன்னும் சில நூறு. கிரவுண்டுக்கு வேறொரு வேலையும் உண்டு. வேகமாக ஓடும் சிக்னல்கள் பக்கத்துப் பக்கத்தில் போனால் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் ஏறும். நடுநடுவே கிரவுண்டை வைத்தால் அது அடங்கும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு டப்பாவைத் திறந்து பார். சாக்கெட்டின் ஓரத்தில் சின்னச் சின்னச் சாம்பல் கட்டிகள் வரிசையாக நிற்கும். அவை காயில்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வரும் 12 வோல்ட்டைச் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து 1 வோல்ட் சுமாருக்கு இறக்கும் கூட்டணியில் அவையும் சேர்த்தி. ஏன் பக்கத்திலேயே? அவ்வளவு கரண்டைத் தூரத்திலிருந்து கொண்டுவந்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கிவிடும். ஊர்க்கோடி வீட்டில் சாயங்காலம் பல்பு மங்குவது இதே காரணத்தால்தான்.

மீதி முனைகள் பேச்சுவார்த்தைக்கு. மெமரிக்கு ஒரு சேனலுக்கு 64 டேட்டா கம்பிகள், இரண்டு சேனல் என்றால் 128, அதற்கு மேல் அட்ரஸும் கட்டளைகளும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு 16 லேன், லேனுக்கு நான்கு கம்பி, ஆக 64. 1978இல் வந்த 8086க்கு மொத்தமே 40 கால்கள். 486க்கு 168. அப்போது மெமரியோடு பேசும் வேலையைப் போர்டில் இருந்த வேறொரு சில்லு பார்த்துக்கொண்டது. இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி 2003இல் அத்லான் 64 மூலமாக அந்த வேலையை ப்ராசசருக்குள் இழுத்தது. இன்டெல் 2008இல் அதே வழிக்கு வந்தது. இன்டெல்லின் முனைக் கணக்கு 775இலிருந்து ஒரே தாவலில் 1366 ஆனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: ப்ராசசரை மாட்டும்போது கை நழுவிச் சாக்கெட்டில் விழுந்துவிட்டது. சில பின்கள் வளைந்திருக்கின்றன. போர்டு போச்சு என்கிறார்கள். உண்மையா? (கரூர் வாசகர்)

போகாமலும் இருக்கலாம். என் கதையைச் சொல்கிறேன். 2006 என்று நினைவு. அதற்கு முன்பு பின்கள் ப்ராசசரின் அடியில் இருந்தன. 2004இல் இன்டெல் எல்ஜிஏ 775 கொண்டுவந்ததும் பின்கள் போர்டுக்கு இடம் மாறின. என் கை அந்தப் புதுப் பழக்கத்துக்கு வரவில்லை. ப்ராசசருக்கும் அதன் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவும் பேஸ்ட் வழிந்து சாக்கெட் ஓரத்தில் ஒட்டியிருந்தது. துடைக்கப் பழைய வேட்டித் துணியை எடுத்தேன். துணியின் ஒரு நூல் பின்னில் மாட்டியது. மாட்டியது எனக்குத் தெரியவில்லை. இழுத்தேன். இரண்டு பின்கள் எழுந்து நின்றன, ஒன்று நூலோடேயே வந்துவிட்டது. அந்தப் போர்டுக்கான பணம் என் பாக்கெட்டிலிருந்து போனது. இன்றைக்கும் என் கடையில் சாக்கெட் பக்கம் துணி போகாது.

நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் எதையும் தொடாமல் பார்ப்பது. அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். நேராக மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக அடித்தால் பின்களின் நுனிகள் நாற்று நட்ட வயல்போல வரிசை வரிசையாக மின்னும். ஒரு பகுதியில் இருப்பவை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். எங்கே வரிசை கலைகிறதோ அங்கேதான் பிரச்சினை. வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் கிடைத்தால் அருமை. பக்கத்துக் கடைப் பெரியவர் தொழிலை விட்டபோது எனக்குக் கொடுத்த லென்ஸ்தான் இன்றும் என் சொத்து. ஆனால் இப்போது என் கண் ஒத்துழைப்பதில்லை, லென்ஸைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று அதட்டுவதோடு சரி.

வளைந்த பின்னை மெல்லிய தையல் ஊசியால், எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். ஒரே தள்ளில் நேராக்கப் பார்த்தால் ஒடிந்துவிடும். பக்கத்துப் பின்னோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். ஒரு பின் ஒட்டிக்கொண்டு இன்னொன்றைத் தொடும் நிலையில் மட்டும் கரண்ட் கொடுத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஒடிந்தே போயிருந்தால்? அது எந்த முனை என்பதைப் பொறுத்தது. கிரவுண்டில் ஒன்று போனால் போர்டு ஒன்றும் நடக்காததுபோல ஓடும். மெமரி முனை போனால் ஒரு ராம் ஸ்லாட்டோ ஒரு சேனலோ வேலை செய்யாது, மற்றது ஓடும். அப்படி ஒற்றை ராமில் வருடக்கணக்காக ஓடும் பில்லிங் மெஷின்கள் எனக்குத் தெரியும். சாக்கெட்டையே மாற்றவும் முடியும். அடியில் நூற்றுக்கணக்கான ஈயக் குண்டுகளால் அது போர்டில் ஒட்டியிருக்கிறது. அதைச் சீராகச் சூடாக்கிக் கழற்றும் மெஷின் இருப்பவர்களிடம்தான் போக வேண்டும். விலை குறைந்த போர்டுக்கு அந்தச் செலவு கட்டாது.

கேள்வி: ரைசன் கம்ப்யூட்டரில் பேஸ்ட் மாற்ற ஹீட் சிங்கைத் தூக்கினேன். ப்ராசசரும் கூடவே வந்துவிட்டது, லிவர் பூட்டியபடியே இருக்கிறது! (மன்னார்குடி வாசகர்)

பயப்படாதீர்கள், ஏஎம்டியின் ரைசன் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் இது அடிக்கடி நடப்பது. அதில் 1,331 பின்களும் ப்ராசசரில்தான் இருக்கின்றன. லிவரைத் தள்ளினால் சாக்கெட் அவற்றைப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும், அவ்வளவுதான். இன்டெல்லில் மேலே அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் இருக்கிறதே, அது இதில் கிடையாது. காய்ந்த பேஸ்ட் பசையாகிவிட்டால் ஹீட் சிங்க்தான் ஜெயிக்கும். நேராக வந்திருந்தால் பின்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வளைந்திருந்தால் பழைய ஏடிஎம் கார்டை வரிசைகளுக்கு இடையே விட்டு மெல்ல நிமிர்த்தலாம். ஊசியைவிட அதுதான் இதற்கு வசதி.

அடுத்த முறை பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, நிறுத்தி, சூடு ஆறும் முன் ஹீட் சிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகிவிட்டு எடுங்கள். 2022இல் வந்த ஏஎம்5இல் ஏஎம்டியும் பின்களைப் போர்டுக்கு மாற்றிவிட்டது, 1,718 முனைகள். இப்போது இரண்டு கம்பெனியிலும் ப்ராசசர் தப்பித்துக்கொள்ளும், போர்டு மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: பி450 போர்டில் ரைசன் 5 5600 மாட்டினேன். சாக்கெட் ஏஎம்4தான், சரியாக உட்கார்ந்தது. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. பெட்டியில் 'ரைசன் 3000 டெஸ்க்டாப் ரெடி' என்று ஒட்டியிருந்தது. (யாழ்ப்பாண வாசகர்)

அந்த ஸ்டிக்கரில்தான் விடை இருக்கிறது. 3000 வரிசை வரைக்கும் தெரியும் என்று போர்டு சொல்கிறது. நீங்கள் மாட்டியது 2022இல் வந்த ப்ராசசர். பயாஸ் என்பது போர்டின் நினைவில் இருக்கும் அறிமுகப் பட்டியல். பட்டியலில் இல்லாத ஆள் வந்து உட்கார்ந்தால் போர்டு வாயே திறக்காது.

போர்டின் பின்பக்கம் 'பயாஸ் ஃப்ளாஷ்பேக்' அல்லது அதைப் போன்ற பெயரில் ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பென் டிரைவை வைத்தே, ப்ராசசர் இல்லாமலேயே, அப்டேட் செய்யலாம். இல்லாவிட்டால் பழைய ரைசன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டித்தான் அப்டேட் செய்ய வேண்டும். எப்படிச் செய்தாலும் யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் அந்தப் பட்டியலே அரைகுறையாகிவிடும். ஏஎம்4 நிறைய ஆண்டுகள் ஓடியதால் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பல போர்டுகளில் பயாஸ் சில்லின் கொள்ளளவு 16 எம்பி. புது ஆட்களைச் சேர்க்க இடம் போதாமல், சில போர்டுகளில் பழைய ஆட்களின் பெயரை அடித்துவிட்டார்கள்.

உங்களுடையதாவது பயாஸோடு தீரும். இன்டெல் 1151இல் தீராத சிக்கல். எச்110 போர்டில் எட்டாம் தலைமுறை ஐ5 8400 வெட்டுகள் உட்பட அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் ஆறு கோர்களுக்குக் கூடுதல் கரண்ட் வேண்டும் என்று முன்பு சும்மா கிடந்த முனைகளுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். 300 வரிசைப் போர்டு இருந்தால்தான் அது ஓடும். ஒரே பெயர், ஒரே அளவு, இரண்டு சாக்கெட். கடைக்காரர்களான எங்களையே இது சுற்றலில் விட்டது.

கேள்வி: பழைய ஹீட் சிங்கைப் புது 1700 போர்டில் மாட்டலாமா? (ஓசூர்)

அதைப் போர்டில் பிடித்திருக்கும் சட்டத்தை மாற்றாமல் முடியாது. 1156 முதல் 1200 வரை துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். 1700இல் 78. 775இல் 72. ஹீட் சிங்க் கம்பெனி 1700க்கான கிட் தருகிறதா என்று பாருங்கள். துளையை ராவி அகலமாக்கும் யோசனை இருந்தால் முதல் பதிலில் வரும் நகவெட்டிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் ப்ராசசர் மாற்ற முடியுமா? கடையில் 'பிஜிஏ' என்று ஏதோ சொல்லி முடியாது என்றார்கள். (சிதம்பரம்)

இதில் தமிழுக்கே ஒரு சங்கடம் இருக்கிறது. ப்ராசசரில் பின் இருந்தாலும் பிஜிஏ, ஈயக் குண்டுகளால் போர்டில் ஒட்டியிருந்தாலும் பிஜிஏ. இங்கிலீஷில் முதல் எழுத்து வேறு, நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. கடைக்காரர் சொன்னது ஒட்டியதைத்தான். இப்போதைய லேப்டாப்களில் அநேகமாக எல்லாமே அப்படித்தான். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டி 'பேக்கேஜ்' என்ற வரியைப் பாருங்கள். உங்களுடையது இரண்டு, மூன்றாம் தலைமுறையாக இருந்து அங்கே 988பி என்று இருந்தால் கழற்றலாம். சாக்கெட் ஓரத்தில் ஒரு திருகு இருக்கும், தட்டை ஸ்குரூடிரைவரால் அரைச் சுற்று. மாடல் எண் 'யு' என்று முடிந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பரணில் ஒரு கறுப்பு கேசட் கிடைத்தது. பென்டியம் 2 என்று இருக்கிறது. இதுவும் ப்ராசசரா? (ஆரணி)

ப்ராசசரேதான். 1998இல் நான் ரிச்சி தெருவில் எடுபிடியாகச் சேர்ந்தபோது முதலில் கையில் எடுத்த ப்ராசசர் அது. ஸ்லாட் 1, 242 தொடுமுனைகள், ராம் செருகுவதுபோலச் செருக வேண்டும். அந்தக் காலத்தில் ப்ராசசர் அவசரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கேஷ் மெமரியைத் தனிச் சில்லுகளாக வைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரு சின்ன போர்டில் வைத்து உறை போட்டார்கள், அதனால் கேசட். கேஷ் ப்ராசசருக்குள்ளேயே போனதும் கேசட்டுக்குத் தேவை இல்லாமல் போய், சாக்கெட் 370 வந்தது. தூக்கிப் போடாதீர்கள். வேண்டாம் என்றால் எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி: முதல் முறையாக நானே அசெம்பிள் செய்தேன். லிவரை அழுத்தும்போது 'நறநற' என்று சத்தம் வந்தது, பாதியில் விட்டுவிட்டேன். சாக்கெட் மேல் இருந்த கறுப்பு மூடியும் தெறித்து விழுந்தது. எதையாவது உடைத்துவிட்டேனா? (சிவகாசி வாசகி)

ஒன்றும் உடையவில்லை, தங்கச்சி. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிரிங்குகளை ஒரே நேரத்தில் அமுக்குகிறீர்கள், லிவர் இறுக்கமாகத்தான் இருக்கும், சத்தமும் வரும். ப்ராசசர் மூலையில் இருக்கும் தங்க நிற முக்கோணமும் சாக்கெட்டின் முக்கோணமும் ஒரே மூலையில் இருக்கின்றனவா, ப்ராசசர் ஆடாமல் சமமாகப் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் தைரியமாக அழுத்திக் கொக்கியில் மாட்டுங்கள். மூடி தானாகத் தெறிக்கும்படிதான் செய்திருக்கிறார்கள்.

அந்த மூடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது மூடி இல்லையென்றால் பல இடங்களில் வாங்க மாட்டார்கள், வழியில் பின் வளைந்தால் யார் பொறுப்பு என்ற தகராறு. என் கடையில் ஒரு பெரிய ஊறுகாய் பாட்டில் நிறைய மூடிகள் இருக்கின்றன. மூடியைத் தொலைத்தவர்கள் வந்து ஒன்று எடுத்துக்கொண்டு போவார்கள். 1200, 1700க்குத்தான் ஆள் வருகிறது. 775இன் மூடிகள் அடியில் கிடக்கின்றன, அவற்றைக் கேட்டு யாரும் வந்து வருடக்கணக்காகிறது.